தீபாவளி இரவில் தீயணைப்பு நிலையத்தில் ஏன் அவ்வளவு வேலை?

தீபாவளியன்று தீயணைப்பு வீரர்களுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். 101-க்கு வரும் அழைப்புகளில் ராக்கெட் விழுந்த கூரை வீடுகள் நிறைய இருக்கும்.

கூரைத் தீ லேசில் அடங்காது. மழைநீர் வழிந்தோடத்தானே கீற்று வேய்கிறோம்? பீய்ச்சும் தண்ணீரும் அப்படியே வழிந்துவிடும். அடியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். அதனால் கொக்கி போட்டுக் கீற்றை இழுத்துப் பிரித்து, அடுக்கடுக்காக நனைக்க வேண்டும். வீட்டுக்காரர் கண்ணெதிரே அவர் கூரையைப் பிரிப்பது பார்க்கவே வேதனையாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால்தான் பக்கத்து வீடு தப்பும்.

அப்புறம் நிலையம் திரும்பினாலும் ஓய்வில்லை. வண்டித் தொட்டியை நிரப்பி, நனைந்த குழாயைச் சுருட்டி வைப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு என்று வழக்கமான அழைப்புகளுக்கும் அன்று விடுமுறை கிடையாது.