மாடு மேய்த்து வந்தபின் தோலில் உண்ணி ஒட்டியிருந்தால் எப்படி எடுப்பது? மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். சீண்டினால் உண்ணி கடிவாய்க்குள் இன்னும் எச்சிலைக் கக்கும். கிருமி இருந்தால் அதுவும் கூடவே இறங்கும்.

நுனி கூரான ட்வீசர் போதும். உப்பிய வயிற்றைத் தொடாமல், தோலை ஒட்டிய தலைப்பக்கத்தைப் பிடித்து, நேர் மேலாக, ஒரே சீராக இழுங்கள். திருகினாலோ வெடுக்கென்று பிடுங்கினாலோ வாயுறுப்பு முறிந்து உள்ளே தங்கும். அப்படித் தங்கிய துணுக்கை ஊசியால் நோண்டாதீர்கள், தோல் தானே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட் தடவுங்கள். எடுத்ததை விரலால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி மடித்து எறியுங்கள்.

கொள்ளிடப் படுகையில் மேய்ச்சலுக்கோ கோரை அறுக்கவோ போனவர்கள் அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கயிற்றடி, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. நம் பக்கம் வரும் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைஃபஸ், மாட்டுண்ணியால் வருவதல்ல. புதரிலிருந்து ஏறும், கண்ணுக்கே எளிதில் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பலருக்கு அது இருக்காது; அதனால் புதரில் புழங்கியதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை டாக்டர் சொல்லிச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கும்.