தனிக்கு எழும்பாதேங்கோ

தங்கச்சி, சென்னைக்குப் பாட்டுப் படிக்க வாறன், டிசம்பர் கச்சேரி சீசனில் எந்தச் சபாவுக்குப் போகலாம், டிக்கெட்டுக்கு எவ்வளவு வேணும், எத்தனை பட்டுச்சீலை கொண்டு வரட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "அங்கே மேடை கிடைப்பது கஷ்டமோ அக்கா?" என்று ஒரு வரி. அந்த வரியைக் கண்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

மேடை கிடைப்பது கஷ்டமில்லை. காசு கொடுத்தால் கிடைக்கும். என் பயமே அதுதான்.

2007இல் நான் இங்கே பாட்டுப் படிக்கிற மூன்றாம் வருஷ மாணவி. ஒரு சின்னச் சபா, பெயர் வேண்டாம். "நன்கொடை" என்றார்கள். சுவிஸில் இருந்து மாமா புத்தகம் வாங்க அனுப்பிய காசை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கவாத்தியக்காரருக்கும் நான்தான் கொடுக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். காலை 10 மணிக் கச்சேரி. முன்னால் ஒன்பது பேர். அதில் ஒருவர் வயலின்காரரின் மனைவி, மூன்று பேர் என் ஹாஸ்டல் பிள்ளைகள், இரண்டு பேர் அடுத்த கச்சேரிக்கு இடம் பிடிக்க வந்தவர்கள். தோடி ராகத்தை விரித்துப் பாடிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டுக் கண்ணை மூடினார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். குறட்டை வந்தது. கடைசியில் ஒரு பொன்னாடை, ஒரு படம். அந்தப் படம் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. வருகிற ஆட்களுக்கெல்லாம் அம்மா, "மகள் சென்னையிலே கச்சேரி செய்தவ" என்று சொல்லுவா. நான் வாயே திறப்பதில்லை.

இந்த விலையை ஏற்றிவிட்டதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து மூன்று கிழமை லீவில் வருவார்கள். பிள்ளை பாடும், வீடியோ எடுப்பார்கள், அடுத்த நாள் தி.நகரில் சீலைக்கடை, அதோடு பிளேன். வேறு ஒருவருடைய கச்சேரியில் அரை மணித்தியாலம் இருந்திருக்க மாட்டார்கள். சில பிள்ளைகள் நல்லாய்ப் பாடுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் டொலரில் எண்ணிக் கொடுக்கிற தகப்பன்மாருக்குப் பின்னால், இங்கே டியூஷன் சொல்லிக் கொடுத்துப் படிக்கிற பிள்ளை எந்த வரிசையில் நிற்கும்?

சரி, கேட்பதற்கு வாருங்கள். அதற்குக் காசே வேண்டாம். பெரிய சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், இளம் ஆட்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவது அப்போதுதான். மியூசிக் அகாடமியில் காலை 8 மணி வாக்கில் விளக்கவுரைகள் நடக்கும், விடாதீர்கள். பாடுகிறவரின் தாளம் போடுகிற கை தெரிகிற பக்கமாக இருங்கள். நான் வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகள் எல்லாம் பாஸ் பண்ணின தலைக்கனத்தோடு வந்தவள். முதல் கிழமையிலேயே அந்தக் கையைப் பார்த்துத்தான் என் மிஸ்ர சாபுத் தாளம் எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று விளங்கியது.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005இல் வந்த புதிதில் ஓட்டோக்காரரிடம், "அண்ணை, ஆறுதலாப் போங்கோ" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். மயிலாப்பூரில் ஒரு சபாவில் பக்கத்தில் இருந்த மாமி, மோதிர விரலால் கதிரைக் கையில் டொக் டொக்கென்று தாளம் போட்டபடி, "பாலக்காடா நீ?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அதான் மலையாளம் மாதிரி இருக்கு" என்றார். இப்போது ஓட்டோக்காரரிடம் "மெதுவா போப்பா" என்றும், போனில் அம்மாவிடம் "ஆறுதலாக் கதையுங்கோ" என்றும் ஒரே மூச்சில் சொல்வேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த மாமியிடம் ராகம் கண்டுபிடிக்கப் பழகினேன். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. தனி ஆவர்த்தனம், அதுதான் பாட்டு நின்று மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற "தனி", தொடங்கியதும், "காபி சாப்பிட வரியா?" என்று எழும்பிவிடுவார். அவர் மட்டுமில்லை, பாதி மண்டபம். இரும்புக் கதிரைகள் கிரீச் கிரீச்சென்று நகரும், கேன்டீன் பக்கம் வரிசை நீளும்.

நீங்கள் தவிலுக்குப் பெயர்போன இணுவில் பிள்ளை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருவிழா இரவில் தவில்காரர்கள் மாறி மாறி வாசிக்கிற தவில் சமா நடக்கும்போது நம் ஊரில் எழும்பிப் போகிறவனை மனிசனாக மதிப்பார்களா? 1975இல் காலமான நம் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் இங்கே லயம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த மண்ணில் இருந்து வந்துவிட்டு, தனி நேரத்தில் வடைக்கு வரிசையில் நிற்கிறதோ?

2006 டிசம்பர் நினைவு வருகிறது. ஓகஸ்டில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதையைப் பூட்டியிருந்தார்கள். ஊரில் இரவானால் ஊரடங்கு, அரிசிக்கும் சீனிக்கும் வரிசை, அம்மாவோடு கதைக்க லைன் கிடைப்பதே பெரும்பாடு. அன்றைக்கும் காலை முழுக்க முயன்று கிடைக்காமல்தான் மதியக் கச்சேரிக்குப் போனேன். பாட்டில் மனம் நிற்கவில்லை. தனி வந்தது, ஆட்கள் எழும்பினார்கள். மிருதங்கக்காரர் தலையைத் தூக்கி வெறும் கதிரைகளை ஒருமுறை பார்த்தார், பிறகு கடக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இருவரும் மாறி மாறி வாசித்து, குறைப்பில் கணக்கைச் சுருக்கிச் சுருக்கி வந்தார்கள். எங்கேயோ அந்த இடத்தில் என் கை தானாகத் தாளம் போடத் தொடங்கிவிட்டது. மோரா முடிந்து, கோர்வை என்கிற முடிவுக் கணக்கு மூன்றாம் முறை வந்து தாளத்தின் முதல் அடியில், சமத்தில் விழுந்தபோது, பின்னால் ஒரு கிழவர் "ஆஹா" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். மாமி வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு வடையை மடியில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

தமிழ்ப் பாட்டைக் கடைசி அரை மணிக்குத் தள்ளுகிறார்கள் என்ற கோபம் உங்களுக்கும் வரும். வந்தால் பாரிமுனைக்குப் போங்கள், ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கும். தேவாரம் பாடி வளர்ந்த காதுக்கு அது வேறு சுகம்.

மற்றவை சில்லறை. வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை முடியுங்கள். வாடகை வீட்டுக்கு அலையாமல் முதல் வருஷம் ஹாஸ்டலில் இருங்கள், சிலோன் என்றதும் முகம் மாறுகிற வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார்கள். பட்டுச்சீலை ஒன்று போதும். ஏசி குளிருக்கு ஒரு சால்வை. பெட்டியில் மிச்ச இடம் இருந்தால் எனக்குப் பனங்கட்டிக் குட்டான் இரண்டு.