குளிர் நாட்டில் வீட்டுக்குள் மிளகாயை விதை போட்டு வளர்க்க முடியுமா?

கேட்டவர் கடலூர்க்காரர். வேலைக்காக ஜெர்மனி போய் ஒரு வருடம் ஆகிறதாம். ஊரில் அம்மா காய்ந்த மிளகாயை உதறுகிற இடத்தில் செடி தானாக முளைத்து நிற்கும். இங்கே ஜன்னலோரம் தொட்டியில் இரண்டு முறை விதை போட்டும் ஒன்றுகூட வரவில்லை. குளிர் நாட்டில் இது நடக்கிற காரியம்தானா என்று கேட்டிருக்கிறார்.

நடக்கும். நான் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். மாடியில் மிளகாயும் கத்தரியும் வைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் அக்கா இருப்பது பிரான்சின் வடக்கே, பெல்ஜியம் எல்லையை ஒட்டிய லீல் நகரத்தில். மூன்று வருடமாக அவள் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே சமயத்தில் விதை போட்டு, வாட்ஸாப்பில் படம் அனுப்பி, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டோம். நடுவில் ஒரு கோடையில் இரண்டு மாதம் அவள் வீட்டில் தங்கி அந்தச் செடிகளோடு நானும் இருந்தேன்.

முதல் வருடம் பொங்கலன்று போட்டோம். நான் மாடியில் குழித்தட்டில், அவள் சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு தொட்டியில். எனக்கு எட்டாம் நாள் முளைத்துவிட்டது. அவளுக்கு இருபது நாள் ஆகியும் எதுவும் இல்லை. கிளறிப் பார்த்தால் விதை கொழகொழவென்று அழுகியிருந்தது. "விதையே சரியில்லடா தம்பி, பாக்கெட்டையே தூக்கிப் போடப்போறேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனை வாங்கி, "மண்ணைத் தொட்டுப் பாத்தியா? சில்லுனு இருக்கா?" என்று கேட்டார். அம்மா வெளிநாடு போனதே இல்லை. ஆனால் சரியான கேள்வி அதுதான். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி 20 டிகிரி இருந்தாலும், ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்த தொட்டி இரவெல்லாம் குளிர்ந்துபோகிறது. மறுநாள் காலையில் தெர்மாமீட்டரை மண்ணில் செருகிப் பார்த்தாள். 13 டிகிரி.

மிளகாய் விதைக்கு மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். 15-க்குக் கீழே போனால் பெரும்பாலும் முளைக்காது, ஈரத்தில் கிடந்து அழுகும். புதுச்சேரியிலோ கடலூரிலோ தை மாத இரவில்கூடக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அதனால் நாம் மண்ணின் சூட்டைப் பற்றி யோசித்ததே கிடையாது.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. நம்மூரில் வெயில் என்று ஒரே வார்த்தை சொல்கிறோம். சூடும் வெளிச்சமும் அதற்குள் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அங்கே இரண்டும் தனித்தனி. ஜன்னலில் பளிச்சென்று வெயில் அடிக்கும், கீழே மண் சில்லென்று கிடக்கும். ஹீட்டர் பக்கம் கதகதப்பாக இருக்கும், வெளிச்சம் இருக்காது. விதை முளைக்கிற வரை வேண்டியது சூடு மட்டும்தான், இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. முளைத்த பிறகு வேண்டியது வெளிச்சம். அப்போது சூடு கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். நீங்கள் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அக்கா பாக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை. மீதியிருந்த விதையைப் பயறு முளைகட்டுகிற மாதிரியே செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பி மடித்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் தலையில் துண்டு சுற்றி வைத்தாள். அங்கே எப்போதும் லேசான சூடு இருக்கிறது. தினமும் ஒரு தடவை திறந்து காற்றுப்பட விட்டாள். ஒன்பதாம் நாள் வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டியது. அதே பாக்கெட் விதைதான். சூடான இடம் கிடைக்காவிட்டால் நாற்றுத் தட்டின் அடியில் வைக்கிற மின்சார வெப்பப் பாய் அங்கே தோட்டக் கடைகளில் விற்கிறார்கள். அடுத்த வருடம் அவள் அதைத்தான் வாங்கினாள்.

வேர் அரை சென்டிமீட்டர் நீண்டதும் எடுத்து நட்டுவிடுங்கள். துணிக்குள் வேர் புகுந்துவிட்டால் பிரிக்கும்போது ஒடிந்துவிடும். தயிர் கப்பின் அடியில் மூன்று ஓட்டை போட்டு, தென்னை நார்க்கழிவும் சலித்த உரமண்ணும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து லேசாக மூடினால் போதும். தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுத்து வர வேண்டாம், அது இறுகிப்போய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாற்று விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வெளியே வரும். பிய்க்காதீர்கள், இலையும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் தானே கழன்று விழும்.

அடுத்த அடி வெளிச்சத்தில் விழுந்தது. லீலில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 8 மணி நேரம்தான். நமக்கு அப்போதும் 11 மணி நேரத்துக்கு மேல். அதிலும் அங்கே பாதி நாள் மேகமூட்டம். நாற்றுகள் ஜன்னலைப் பார்த்து நெடுநெடுவென்று நூல் மாதிரி வளர்ந்து, வெளுத்து, சாய்ந்துவிட்டன. படத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அதற்கு மருந்து எதுவும் இல்லை, உரம் போட்டால் இன்னும் மோசமாகும். வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்று வாங்கி, நாற்றின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிட்டாள். செடிகளுக்கென்றே விற்கிற ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். இரவு அணைத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்து வருவது நாற்றழுகல். நன்றாக நின்ற நாற்று திடீரென்று மண்ணை ஒட்டிய இடத்தில் நைந்து மடங்கி விழும். ஈரமும் குளிரும் அசைவில்லாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம்மூரில் விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நேர்த்தி செய்யச் சொல்வார்கள். ஒரு பிடி விதை போடுகிறவர் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். மேல் மண் காய்ந்த பிறகு மட்டும், கப்பை ஒரு தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பிப்ரவரியில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். அதை அப்படியே ஊற்றினால் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த சூடெல்லாம் ஒரு நொடியில் போய்விடும், அறையில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு சின்ன ஃபேனைத் தூரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தண்டும் உறுதியாகும்.

எந்த விதை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போட்டது எது என்று கேள்வியில் இல்லை. கடையில் வாங்கிய பச்சை மிளகாயைப் பிளந்து எடுத்திருந்தால் அது முற்றாத விதை, பெரும்பாலும் முளைக்காது. செடியிலேயே சிவந்து பழுத்த பழத்திலிருந்து எடுக்க வேண்டும். வற்றல் மிளகாயில் வெயிலில் காய்ந்ததாக, அதிகம் பழசாகாததாக இருந்தால் நன்றாகவே முளைக்கும். அக்கா பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடையில் சமையலுக்கு வாங்கிய வற்றலில் இருந்து இருபது விதை போட்டதில் பதினொன்று வந்தன. விதையை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் உண்மையில் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் இருக்கிறது, ஆனால் விதை மேலெல்லாம் அது பூசியிருக்கும். கையில் பட்டு எரிந்தால் தண்ணீரில் அலசுவதைவிட முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு சோப்புப் போடுங்கள்; அந்தக் காரம் எண்ணெயில் கரையும்.

நீங்கள் கடலூர் என்பதால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தெரிந்திருக்கும். அதன் பெயரிலேயே பி.எல்.ஆர். 1 என்று ஒரு மிளகாய் ரகம் இருக்கிறது, நம் வடகிழக்குக் கடலோரத்துக்குச் சொல்லப்பட்டது. மாடியில் நான் போடுவது அதுதான். ஊருக்கு வரும்போது ஒரு பொட்டலம் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 2019 டிசம்பர் 14 முதல், வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பெட்டியில் விதை கொண்டுபோனாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கேயே கிடைக்கிற ரகத்தை வாங்குங்கள். கயேன், ஹலபேன்யோ மாதிரி சீக்கிரம் காய்க்கிறவை நல்லது. ஹபனேரோ வகையை முதல் வருடம் தொடாதீர்கள், முளைக்கவே ஒரு மாதம் வரைகூட எடுக்கும், பழுப்பதற்குள் குளிர்காலம் வந்துவிடும். பிரான்சிலேயே தென்மேற்கில் எஸ்பெலெத் என்று ஓர் ஊர் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். 2000-ல் அந்த மிளகாய்க்கு நம்மூர்ப் புவிசார் குறியீடு மாதிரி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. அக்கா அந்தச் சரங்களின் படத்தை அனுப்பினபோது அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, எப்போது போடுவது? இங்கே 40, 45 நாளில் நாற்றைப் பிடுங்கி நட்டுவிடுவோம். அங்கே வெளியே உறைபனி போகிற வரை செடி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பிரான்சில் மே 11, 12, 13 மூன்று நாளையும் பனிப் புனிதர்கள் நாள் என்பார்கள், அது தாண்டாமல் மென்மையான செடியை வெளியில் வைக்க மாட்டார்கள். உங்கள் ஜெர்மனியில் மே 15 வரை கணக்கு. அதிலிருந்து பின்னால் எண்ணினால் பிப்ரவரி நடுவில் விதைப்பது சரியாக வரும். பொங்கலுக்கே போட்டது எங்கள் அவசரம். விளக்கில்லாமல் ஜனவரி நாற்று தேறாது. மார்ச்சில் போட்டாலும் சீக்கிரம் காய்க்கிற ரகம் பலன் தரும்.

மே மாதம் வந்தவுடன் நேராக வெளியே தூக்கி வைத்துவிடக் கூடாது. விளக்கில் வளர்ந்த இலை நிஜ வெயில் பட்டால் வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாள் பழக்குங்கள். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். பத்து லிட்டர் பிடிக்கிற கறுப்புத் தொட்டி, தெற்குப் பார்த்த சுவர். பகலெல்லாம் சூடேறிய சுவர் ராத்திரி செடிக்குச் சூடு கொடுக்கும்.

ஜூனில் பூ வரும், கொட்டும். அக்கா அழாத குறை. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் பூ கொட்டும், நம்மூர்ச் சித்திரை வெயிலிலும் கொட்டும். என் மாடியில் மே மாதம் இதே கதைதான், காரணம் மட்டும் நேர் எதிர். குளிர் விட்டால் அடுத்த பூ நிற்கும். செடி வீட்டுக்குள்ளேயே இருந்தால் காற்று இல்லாததால், பூத்திருக்கும்போது தினமும் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து தன் பூவிலேயே சேர்ந்துவிடும். உரத்துக்கு நான் இங்கே மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊறவைத்த மீன் அமிலம் தெளிக்கிறேன். அடுக்குமாடி வீட்டில் அந்த வாடை தாங்காது. தக்காளிக்கென்று விற்கிற திரவ உரம் மிளகாய்க்கும் சரிப்படும். வீட்டுக்குள் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சிதான் பெரிய தொல்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம்.

அக்காவுக்கு முதல் காய் ஜூலை கடைசியில் கிடைத்தது. செப்டம்பரில் சிவந்தது. நான் அங்கே இருந்தபோது அந்தப் பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு அக்கா மீன் குழம்பு வைத்தாள். காரம் நம்மூர்க் காய்க்குக் குறைவில்லை.

குளிர்காலம் வந்ததும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மிளகாய் ஒரு வருடத்தில் சாகிற செடி இல்லை. அக்டோபரில் கிளைகளை வெட்டி, ஒரு சாண் தண்டு மட்டும் விட்டு, பூச்சி இல்லாமல் கழுவி, 12, 15 டிகிரி இருக்கிற வெளிச்சமான இடத்தில் வைத்து, மண் முழுக்கக் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். அக்கா இரண்டு செடியை மாடிப்படி ஜன்னலோரம் அப்படி வைத்திருந்தாள். ஒன்று போய்விட்டது. இன்னொன்று மார்ச்சில் கணுவுக்குக் கணு துளிர்விட்டு, புது நாற்றுகளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே பூத்தது.

உங்கள் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கே காலையில் மண்ணின் சூடு எவ்வளவு என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். தொட்டியை எங்கே வைக்கலாம் என்று அக்காவையும் கேட்டுச் சொல்கிறேன்.