டெம்பரேச்சர் கன் பொய் சொல்லவில்லை. வழக்கு எப்படிப் போடுவது?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிய ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும் ஓர் உதவியாளரும்தான் ஆட்கள். நான்கு மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு கடையில் 4,200 ரூபாய்க்கு லேசர் வைத்த டெம்பரேச்சர் கன் வாங்கினேன். பிரஸ்ஸில் மோல்டின் சூடு பார்க்க என்று சொல்லித்தான் கேட்டேன். 'எந்த உலோகத்துக்கும் தாராளமாகப் பிடிக்கலாம்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார். பிரஸ்ஸின் கண்ட்ரோலர் 155 டிகிரி காட்டியபோது கன் 110-ஐத் தாண்டவில்லை. கண்ட்ரோலர்தான் பழுது என்று நினைத்து, கன் 140 காட்டும்வரை சூட்டை ஏற்றினேன். அப்போது கண்ட்ரோலர் 195-ல் நின்றது. 640 நைட்ரைல் ரப்பர் புஷ்கள் (உருளை வடிவ உதிரிபாகம்) இறுகி வெடிப்பு விட்டன. ஆர்டர் கொடுத்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். நட்டம் 86,000 ரூபாய். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். கன் பழுது என்று வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். 'கன் பழுது' என்று மட்டும் எழுதிப் போட்டால் தோற்பீர்கள்.

உங்கள் மோல்டு பளபளப்பானதா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. இந்தக் கருவி மோல்டைத் தொடுவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போடுகிறது. லேசர் புள்ளி குறி பார்க்க மட்டும்தான்; அது எதையும் அளப்பதில்லை. ஒரு பரப்பு தன் சூட்டுக்கு ஏற்ற கதிரை எவ்வளவு முழுதாக வெளிவிடுகிறது என்பதே உமிழ்திறன்; முழு அளவு 1. மலிவான கன்கள் பெரும்பாலும் எந்தப் பரப்பின் உமிழ்திறனும் 0.95 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும். ரப்பர், பெயிண்ட், மரம், கரி பிடித்த சட்டியின் அடி இவற்றுக்கெல்லாம் அது ஏறக்குறையப் பொருந்தும். தேய்த்து மெருகேற்றிய எஃகு அதில் பாதிகூட உமிழாமல் இருக்கலாம். மீதிக்குப் பட்டறையின் சுவரையும் கூரையையும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். அதனால்தான் 155 உங்களுக்கு 110 ஆகத் தெரிந்தது. கொரோனா காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் நெற்றியில் நீட்டிப் பார்த்ததால், இதை எதன் மேல் நீட்டினாலும் உண்மை வரும் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஊறிவிட்டது. மனிதத் தோல் நல்ல உமிழ்பொருள் என்பதால் அங்கே அந்தச் சிக்கல் வரவில்லை.

எனவே முதலில் அதிகம் செலவில்லாத இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் கலக்கி, கன்னைக் கிட்டே பிடியுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் கருவிக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, ஆறிய மோல்டின் ஓரத்தில் கருவியின் குறிவட்டம் (அது கதிரை வாங்கும் வட்டப் பரப்பு) முழுதும் அடங்கும் அளவுக்கு, சூடு தாங்கும் மங்கலான கறுப்பு பெயிண்ட் பூசுங்கள். சூடேற்றிய பிறகு கறுப்பிலும் வெறும் உலோகத்திலும் மாறி மாறிப் பாருங்கள். கறுப்பில் கண்ட்ரோலரின் எண்ணை ஒட்டியும் உலோகத்தில் வெகுவாகக் குறைந்தும் காட்டினால், கன்னும் சரி, கண்ட்ரோலரும் சரி. இரண்டையும் ஒரே காட்சியில் வரும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

இந்த வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். சோதித்தால்தான் தெரியும் என்கிற குறைகளுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-ம் பிரிவின்படி, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 'கருவி சரியாக இயங்குகிறது' என்று அங்கிருந்து ஒரு தாள் வந்தால், 'பழுது' என்று எழுதிய மனு அன்றே விழுந்துவிடும். கருவி சரி என்பதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

ஏனென்றால் சட்டத்தில் 'குறைபாடு' என்ற சொல் மெக்கானிக் சொல்லும் பழுதைவிட அகலமானது. 2(10)-ம் பிரிவு, வியாபாரி ஒரு பொருளைப் பற்றி எந்த வகையிலாவது என்ன சொல்லி விற்றாரோ அந்தத் தரத்துக்குப் பொருள் குறைந்திருந்தால் அதையும் குறைபாடு என்கிறது. 'எந்த உலோகத்துக்கும்' என்ற அந்தக் குரல் பதிவுதான் உங்கள் வழக்கின் உயிர். கூடவே, சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ன் 16-ம் பிரிவு: வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனை. நீங்கள் மோல்டு என்று சொல்லித்தானே கேட்டீர்கள்? பில்லில் அச்சடித்த ஒரு வரி இதைத் துடைத்துவிடாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே 2(47)-ம் பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை.

கடைக்காரர் தரப்பு முதலில் பிடிக்கும் இடம் வேறு: 'இவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல.' கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி என்ஜினியரிங் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை அலசியது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோராகவே இருக்கிறார் என்று அதில் சொன்னது. (அந்த வழக்கில் மனுதாரர் தோற்றார் என்பது வேறு கதை.) 'பிழைப்புக்காக, சுயதொழிலில், நானே பிரஸ்ஸில் நின்று வேலை செய்கிறேன்' என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் வாசலிலேயே திரும்பும் மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். கன்னுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தொழில் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தால் (உள்ளீட்டு வரவு) மறைக்காதீர்கள், எப்படியும் கேட்பார்கள்.

இனி பணம். 4,200 ரூபாய் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 86,000 முழுதாகக் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கருவிகள் 45 டிகிரி முரண்பட்டபோது, மூன்றாவதாக, தொட்டு அளக்கும் ஒரு தெர்மோகப்பிளை வைத்துச் சரிபார்க்காமல் ஏன் சூட்டை ஏற்றினீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உற்பத்தியாளரையும் இழுத்து, குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கு இழப்பீடு தரும் 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கவனம்: அங்கே 'தீங்கு' என்பதில் வணிக நட்டம் சேராது என்று 2(22)-ம் பிரிவே விலக்கிவைத்திருக்கிறது. தெரிந்த தேவைக்குத் தவறான உறுதி கொடுத்ததால் வந்த இழப்பு என்று கடைக்காரர் மேல் கேட்பதே வழி.

முதலில் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. குரல் பதிவு இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63-ம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

திரும்பி வந்த 640 புஷ்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இடம் அடைத்தாலும் சரி, ஆர்டர் கொடுத்தவரின் நிராகரிப்புக் கடிதத்தோடு கட்டி வையுங்கள். அதே கலவையில் சரியாக வெந்த நல்ல புஷ் பத்தாவது இருந்தால் அதையும் தனியாக எடுத்து வையுங்கள். கடினத்தன்மையை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.