கேளுங்கள், சொல்கிறேன்: பட்டாளத்துக்கு எந்த வாசல்?

மலேசியத் தரைப்படையில் 21 வருஷம் லாரியும் ஜீப்பும் ரிப்பேர் பார்த்த கதையைப் போன மாதம் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதமெல்லாம் பட்டாளம் பற்றித்தான். நான்கு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டேன். வீடு விமானத் தளத்துக்குப் பக்கத்தில். ஹார்னட் போர் விமானங்கள் கூரைக்கு மேல் பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவன், விமானியாக வேண்டும் என்பது ஆசை. ஆனால் கண்ணாடி போடுகிறேன். அப்பாவோ, 'முதலில் உள்ளே நுழைந்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்.
– மாணவன், பட்டர்வொர்த்

தம்பி, அப்பா சொல்வதில் பாதிதான் சரி. உள்ளே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பட்டாளத்தில் அவ்வளவு சுலபமாக நடக்காது. இரண்டு வாசல் இருக்கிறது. எஸ்.பி.எம். சான்றிதழோடு சாதாரண வீரனாகச் சேர்வது ஒன்று, பயிற்சி அதிகாரியாகச் சேர்வது மற்றொன்று. விமானி என்றால் அதிகாரிதான். அலோர் ஸ்டாரில் இருக்கிற ஆகாயப்படைக் கல்லூரியில் பறக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். கீழ் வாசலில் நுழைந்து மேலே போனவர்கள் இல்லாமல் இல்லை, நானே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இருபத்தோரு வருஷத்தில் இரண்டே பேர்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு நல்ல கண் மருத்துவரிடம் போய் வா. விமானிக்குக் கண் பரிசோதனை ரொம்பக் கண்டிப்பு. நிறப் பார்வையையும் சேர்த்துப் பார்க்கச் சொல். வண்ணப் புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டுவார்கள். என்னோடு தேர்வுக்கு வந்த பையன் ஓட்டத்தில் முதல் ஆள், அந்தப் புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தில் 'இதில் எண்ணே இல்லையே' என்றான். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தனக்குப் பச்சையும் சிவப்பும் குழம்பும் என்பது பதினெட்டு வயதுவரை அவனுக்கே தெரியாது.

இன்னொன்று. ஹார்னட் நாட்டுக்கு வாங்கியதே 8 தான். அதை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், எஞ்சின், ரேடார், ஆயுதம் என்று அதைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீயே யோசித்துப் பார். கண் கைகொடுக்காவிட்டால், உனக்குப் பிடித்தது பறப்பதா, அந்த எந்திரமா என்று உன்னையே கேட்டுக்கொள். எந்திரம்தான் என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அப்பா சொன்ன வாசலும் சரியாகவே இருக்கும்.

கேள்வி: மகன் ராணுவத்தில் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நம்மவர்களுக்கு அங்கே பதவி உயர்வு கிடைக்காது என்கிறார்கள். சாப்பாடு, சாமி கும்பிடுவது எல்லாம் எப்படி?
– ஒரு தாய், செந்தூல்

அம்மா, சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். மாட்டிறைச்சி சமைக்கிற நாளில் மீனோ கோழியோ வேறாக வைக்கும்படி நாங்கள் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம். மறந்த நாளில் முட்டை. பட்டினி கிடந்ததில்லை. தீபாவளிக்கு விடுப்பு கேட்டு வாங்குவதுதான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டிய வேலை. முஸ்லிம் நண்பர்களின் பெருநாளான ஹரி ராயாவுக்கு அவர்களின் காவல் முறையை நாம் எடுத்துக்கொண்டால் தீபாவளிக்கு அவர்கள் நம்முடையதை எடுத்துக்கொள்வார்கள்.

பதவி உயர்வு பற்றிக் கேட்டால் எல்லாரும் கே. தனபாலசிங்கம் பேரைச் சொல்வார்கள். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்தவர், 1967-ல் தமது 31 வயதில் கடற்படைக்குத் தளபதியானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர்தான். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பேரையே எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருப்பது? நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே குறைவு, அதில் அதிகாரி வாசலுக்கு வருகிறவர்கள் இன்னும் குறைவு. பாரபட்சமே கிடையாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கீழ் வாசலிலேயே நின்றுகொண்டு மேலே ஆளில்லை என்று சொல்வதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மகனிடம் எந்தப் பிரிவு என்று கேளுங்கள், பதில் வராது, பச்சைச் சீருடை என்பதோடு நின்றுவிடுவான். 1933-ல் போர்ட்டிக்சனில் 25 பேரோடு தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டும். துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குப் போகிற காலாட்படைதான் வேண்டும் என்றால் ரேஞ்சர் ரெஜிமெண்டில் எல்லா இனத்தவரும் சேரலாம். சமிக்ஞை, பொறியியல், மருத்துவம், நான் இருந்த வாகனப் பட்டறை, இவையும் எல்லாருக்கும் பொது. வெளியே வந்த பிறகு கையில் தொழில் இருக்கும் என்பதால் என் ஓட்டு பட்டறைக்கு. இன்றைக்கும் பத்து கேவ்ஸில் ஒரு லாரிப் பட்டறையில் என்னைக் கூப்பிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறார்கள்.

அதிகாரியாக வேண்டும் என்றால் சுங்கை பெசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பட்டப்படிப்பும் ராணுவப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். படிப்பு முடிந்ததும் இத்தனை வருஷம் சேவை செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அதை நீங்களும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அப்புறம் ஓய்வூதியக் கணக்கு. எங்கள் காலத்துச் சாதாரண வீரனுக்கு 21 வருஷம் முடித்தால்தான் மாதா மாதம் பென்ஷன். என் அடுக்குமாடியிலேயே ஒருவர் பதினான்காம் வருஷத்தில் வீட்டு நெருக்கடியால் வெளியே வந்தார். இப்போது ஒரு கொண்டோமினியத்தில் காவலர், இரவு வேலை. மாலையில் நான் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில் அவர் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார், முகம் தெரிகிற அளவுக்கு, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மகனுக்கு வேலையில் சேர்கிறபோது என்ன ஓய்வூதிய விதியோ அதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வில் பேரை நுழைத்துவிடுகிறேன் என்று ஒருவர் 3,000 ரிங்கிட் கேட்கிறார், கொடுக்கலாமா?
– தந்தை, பிறை

கொடுக்கக் கூடாது. விண்ணப்பம் இணையத்தில் இலவசம். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் உங்கள் மகனுக்குப் பதிலாக அந்த ஆள் ஓடப்போவதில்லை. அவருடைய தொலைபேசி எண்ணை ஊழல் தடுப்பு ஆணையத்திடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. பாலாப்பெஸ் பயிற்சியில் சேர்ந்தால் பிறகு ராணுவத்துக்குப் போயே ஆகவேண்டுமா? பெண்ணுக்கு ஒத்துவருமா?
– மாணவி, கோலாலம்பூர்

முழுநேர ராணுவத்துக்குப் போகக் கட்டாயம் இல்லை, மகளே. அது சேமப்படை அதிகாரிகளுக்கான பயிற்சி. மூன்று வருஷம் முடித்தால் இரண்டாம் லெப்டினன்டாகத் தோளில் நட்சத்திரம் ஏறும், அப்புறம் வேறு வேலை பார்த்துக்கொண்டே வத்தானியா என்கிற சேமப்படையில் இருக்கலாம். இதில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டாளம் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. முழு வாழ்க்கையையும் எழுதிக் கொடுக்காமல் சேற்றில் உருண்டு பார்த்துவிடலாம்.

தொல்லை எதில் என்றால் நேரத்தில். வார இறுதி போய்விடும், வருடாந்திர முகாம் என்று விடுமுறையிலும் ஒரு துண்டு போய்விடும். அக்காள் கல்யாணம், திருவிழா ஏதாவது வருகிறதா என்று வீட்டில் கேட்டு, முகாம் தேதியை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு, பிறகு விண்ணப்பப் பாரத்தை நிரப்பு.