எழுத்தாளர் வீட்டில் பத்து மாதங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பட்டப்படிப்பை முடித்தேன். இளையோருக்கு ஆங்கிலத்தில் நாவல் எழுதும் ஒருவர், தனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பயிற்சி உதவியாளர் வேண்டும் என்று என் பேராசிரியரிடம் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார். வாசகர் கடிதங்களைப் பிரித்து அடுக்க வேண்டும், பள்ளிக்கூடச் சந்திப்புகளுக்கு நாள் குறிக்க வேண்டும், அச்சுப்படி பார்க்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்கு “பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மா கோயிலில் ஞாயிறு தமிழ் வகுப்பு எடுக்கிறார். உங்கள் எழுத்தை எனக்குக் காட்டியவரும் அவர்தான். “பட்டம் வாங்கியது அடுத்தவர் தபாலைப் பிரிக்கவா?” என்கிறார். எனக்கோ வேறொரு ஆசை. நானும் ஒரு நாவலைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே போனால் அதை அவரிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன். நீங்களும் தொடக்கத்தில் ஒரு எழுத்தாளரிடம் வேலை பார்த்ததாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விரிவாகச் சொல்ல முடியுமா? நான் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் சம்பளத்தை முதல் நாளே பேசி, எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். இந்த நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறது. மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது, 2025 மார்ச்சில் 28 ராண்ட் 79 சென்ட் ஆனது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு எழுதிய கூலியே கைக்கு வந்து சேராமல், 1872இல் விசாரணைக் குழு உட்கார்ந்த மண் இது. எழுதாத கூலி எப்படி வந்து சேரும்?

இனி என் கதை. அப்பா ஒரு கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் நானும் கூட வந்தேன். 2017 ஜனவரியில், படிப்பு முடிந்த கையோடு, ரிசர்வாயர் ஹில்ஸில் இருந்த ஒரு நாவலாசிரியரிடம் சேர்ந்தேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரத்தை விரும்பாதவர். இங்கே எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரை ஆன்ட்டி என்றே அழைத்தேன். இந்த மண்ணில் நான்காம் தலைமுறைத் தமிழர். ஆயா, ரசம், கூழ், சாமி என்று இருபது முப்பது சொற்களுக்கு மேல் தமிழ் தெரியாது. ஆனால் அந்த இருபது முப்பதையும் வைரம்போல வைத்திருந்தார். “ஆயா” என்ற சொல்லைச் சாய்வெழுத்தில் அச்சிட்டு, கடைசிப் பக்கத்தில் பொருள் தர வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டபோது இவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. “மியர்பேங்கில் ஒரு பெண் இதைப் படிக்கிறாள். அவளுடைய ஆயா அடுத்த அறையில் இருக்கிறாள். அவளுக்குப் போய் ஆயா என்றால் பாட்டி என்று நான் சொல்லித் தருவதா?” என்றார். நான் முதன்முதலாக அந்த வீட்டில் எழுதிய அலுவல் கடிதம் அந்த மறுப்புதான்.

அவர் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை எழுதுவார். நான் வார்விக் சந்திப்பில் டாக்ஸி மாறி ஒன்பதரைக்குப் போய்ச் சேருவேன். மேசையில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கும்: பதில் எழுத வேண்டியவை, எழுதியவை, உடனே ஆன்ட்டியிடம் காட்ட வேண்டியவை. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் கடிதத்துக்கும் பதில் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பள்ளி விடுமுறை முடிந்ததும் கடிதங்கள் குவியும். அக்டோபரில் பன்னிரண்டாம் வகுப்பின் மெட்ரிக் தேர்வு தொடங்கினால் பெரிய பிள்ளைகளிடமிருந்து ஒன்றும் வராது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மட்டும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். பதினைந்து பதினாறு வயது நாயகியின் கதையை அந்த வயதுக்காரர்களைவிட, அந்த வயதை எட்டத் துடிக்கும் சின்னவர்கள்தான் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. அந்தப் பெட்டியில் கற்றேன்.

உங்கள் அம்மா தபால் பிரிப்பதைச் சின்ன வேலை என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மே மாதம் வரை.

மே மாதத்தில் ஒரு கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் நான்கு வரி வந்தது. எழுதியவன் பதினான்கு வயதுப் பையன். அண்ணன் சாலை விபத்தில் இறந்துவிட்டான். ஆன்ட்டியின் நாவலில் இறந்துபோன அண்ணனின் காலடிச் சத்தம் நாயகிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். பையன் கேட்டிருந்தான்: “அந்தச் சத்தம் எத்தனை நாள் வரைக்கும் கேட்கும்?” பென்சிலால் எழுதி, அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தான். பென்சில் கோடு ஓரத்தில் தெரிந்தது. ஆன்ட்டி அதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் நாவலைத் தொடவில்லை.

அதே நாளில் இன்னொரு சிறுமிக்கும் பதில் போக வேண்டியிருந்தது. கதையில் வரும் பூனைக்கு ஏன் பெயர் இல்லை என்று அவள் கேட்டிருந்தாள். நான் இரண்டு பதிலையும் மடித்து, இரண்டு உறையில் வைத்து, ஒட்டி, தபாலில் சேர்த்தேன். மாற்றி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சிறுமியின் அம்மா தொலைபேசியில் அழைத்தபோதுதான் தெரிந்தது. அண்ணனைப் பறிகொடுத்த பையனுக்கு, “பூனையின் பெயரை அடுத்த பாகத்தில் சொல்கிறேன், அதுவரை நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்” என்ற கடிதம் போயிருக்கிறது. தொலைபேசியைக் கீழே வைத்தபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஆன்ட்டி திட்டவில்லை. அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்யவும் இல்லை. பையனுக்குக் கையால் முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதினார். அவனுடைய பள்ளி நூலகரை அழைத்து, அவனிடம் நேரில் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். என்னையும் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். “தவறு என்னுடையது என்று எழுது. அலுவலகத் தவறு என்று எழுதாதே. இங்கே அலுவலகம் என்று ஒன்றும் இல்லை, நீயும் நானும்தான் இருக்கிறோம்.” அந்த ஐந்து வரியை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. நான் எழுதியவற்றில் முதல் முறையாக ஒரு சொல்கூட அழகுக்காக வைக்காமல் எழுதியது அதுதான்.

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது, என் பெயருக்கு. “பூனைக் கடிதத்தையும் வைத்துக்கொண்டேன். திருப்பி அனுப்ப வேண்டுமா?”

வேண்டாம் என்று எழுதினேன். அன்றிலிருந்து உறையை ஒட்டும் முன் கடிதத்தில் உள்ள பெயரையும் உறையில் உள்ள பெயரையும் வாய்விட்டுப் படிப்பேன். இன்றும் படிக்கிறேன்.

மூன்றாவது பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைச் சந்திப்பீர்கள். இளையோர் நாவல் எழுதுகிறவருக்குப் பிள்ளைகள் வீட்டில் சொல்லாததையெல்லாம் எழுதுவார்கள். வீட்டில் அடி, மாமாவின் நடத்தை, சாப்பிடாமல் கிடப்பது. அதற்கு நீங்களாக ஆறுதல் எழுதி அனுப்பிவிடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களுக்கு இதைத் தெரிவிப்பதைக் கடமையாக்கியிருக்கிறது, மற்றவர்களும் தெரிவிக்கலாம். பாலியல் குற்றமென்றால், தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைனின் இலவச எண் 116. சேர்ந்த முதல் வாரத்திலேயே, இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்று உங்கள் எழுத்தாளரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் இருவரும் உட்கார்ந்து ஒரு பதிலை உண்டாக்குங்கள்.

பள்ளிக்கூடச் சந்திப்புகளில் பெரும்பாலும் நான் செய்தது புத்தகப் பெட்டியைச் சுமப்பதும் ஒலிவாங்கி இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். ஆனால் ஒரு நாள் ஊம்லாசியில் ஒரு பள்ளிக்குப் போனோம். அங்கே அந்த நாவல் ஒரே ஒரு பிரதி இருந்தது. ஆசிரியை அதைத் தையல் பிரித்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பின் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பழைய தானியப் பெட்டி அட்டையில் மேலுறை போட்டிருந்தார். பதினொரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படிக்கலாம். முடித்தவர் அடுத்தவரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஏழாம் அத்தியாயம் கையில் கிடைத்தவன் முதல் ஆறு அத்தியாயத்தின் கதையை நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு படித்திருக்கிறான். புத்தகத்தைக் கிழித்ததற்கு ஆசிரியை மன்னிப்புக் கேட்டார். ஆன்ட்டி பதினொரு அட்டையிலும் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நான் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த ஆசிரியர் பிரதிகளை எண்ணி அந்தப் பள்ளிக்குக் கட்டி அனுப்பியது.

அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் யுனெஸ்கோ டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது. எல்லாருக்கும் பெருமை. டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு செய்தியும் வந்தது: 2016இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வின்படி, தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேருக்குப் பொருள் புரிந்து வாசிக்க வரவில்லை. 2021இல் அது 81 ஆயிற்று. இரண்டு செய்தியையும் படித்தபோது எனக்கு அந்தத் தானியப் பெட்டி அட்டைகள்தான் கண்முன் வந்தன. அட்டைப்பெட்டியில் குவிந்த கடிதங்கள் எல்லாம், மீதமுள்ள அந்தச் சிலரிடமிருந்து வந்தவை. எழுதாத பிள்ளைகளை நினைத்து எனக்கு அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் தணியவில்லை.

அச்சுப்படி வேலை பற்றியும் எழுதியிருந்தீர்கள். கண்ணுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. ஆன்ட்டியிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. யாருக்கு எந்த மாதம் பிறந்த நாள், எந்த வீட்டுக்கு எத்தனை சன்னல், எந்தக் கிழமையில் என்ன நடந்தது என்று நாவலின் உலகம் முழுவதும் அதில் இருக்கும். நான் பக்கத்துக்குப் பக்கம் அதனுடன் ஒப்பிட வேண்டும். ஒரு காட்சியில் நாயகி தீபாவளி இரவில் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறாள். முழுநிலா வெளிச்சம் வாழை இலையில் வழிகிறது. அழகான பத்தி. நோட்டின்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் தீபாவளி நரக சதுர்த்தசி, மறுநாள் அமாவாசை. நிலாவுக்கு வழியே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று அரை நாள் தயங்கிவிட்டுச் சொன்னேன். ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார். “என் ஆயா விடியும் முன் இருட்டில் எழுப்பி எண்ணெய் தேய்ப்பாள். ஏன் அவ்வளவு இருட்டு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்றார். நிலாவை எடுத்துவிட்டு அந்த இருட்டை எழுதினார். வாணம் வெடிக்கும் நொடியில் மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தன் கை தெரிகிறது, மறுபடி இருள். அந்த நாவலிலேயே சிறந்த பக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு அம்மா கற்றுத்தந்த தமிழும் பஞ்சாங்கமும் அந்த ஆங்கில நாவலாசிரியரின் மேசையில் பயன்படும். ஒளித்து வைக்காதீர்கள்.

உங்கள் நாவல் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் நாவலை வைத்துக்கொண்டு போனால், அவர் முகத்தில் நல்ல நேரத்தைத் தேடிக்கொண்டே ஆறு மாதமும் கழிந்துவிடும்; பெட்டியில் இருக்கும் கடிதம் கண்ணில் படாது. எனக்கு முதல் நான்கு மாதம் அப்படித்தான் போயிற்று. உறை மாறியதற்கும் அந்த நினைப்புதான் காரணம் என்று நம்புகிறேன். நவம்பரில் விடைபெறும் வாரத்தில் ஆன்ட்டியே “உன்னுடையதைக் கொடு” என்று கேட்டு வாங்கினார். எழுபது பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சில் குறி இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தார்: “இதுவரை பேசியவள் பதினைந்து வயதுப் பெண். இங்கே அவளை ஓரமாக நிறுத்திவிட்டு முப்பது வயதுக்காரி ஒருத்தி புத்தி சொல்ல வருகிறாள். அவளை வெளியே அனுப்பு.” அந்தக் குறிக்குப் பிறகு எழுபது பக்கத்தையும் தூக்கி வைத்துவிட்டு, கட்டம் போட்ட தாளில் எழுதிய பையனுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அக்டோபருக்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள், என்ன சம்பளம் பேசினீர்கள் என்பதையும் சேர்த்து. உங்கள் அம்மா வகுப்பு எடுக்கும் கோயில் எது என்று கடிதத்தின் மேல்விலாசத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. அடுத்த மாதம் அங்கே அப்பாவின் கச்சேரி இருக்கிறது. வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து அம்மாவிடம் நானே பேசுகிறேன். பூனைக் கடிதத்தைப் பற்றி அவரிடம் நீங்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா