கேள்வி - பதில்: பழைய சிறுகதையைத் தேடிப் பிடிக்க...

கே: பழைய சிறுகதைகளைத் தேடினால் விமர்சனமும் யூடியூப் கதைசொல்லலும்தான் வருகின்றன. மூலக் கதை எங்கே கிடைக்கும்?

ப: எழுத்தாளர் பெயரை மட்டும் போட்டால் அப்படித்தான் வரும். கதைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, சேர்த்தும் பிரித்தும் தேடுங்கள். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சில இடங்களில் ‘சாப விமோசனம்’ என்றிருக்கும். கு.ப.ரா.வை ‘கு. ப. ராஜகோபாலன்’ என்றும் தேட வேண்டும்.

தட்டச்சு செய்த பிரதிக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இணையதளம். ஸ்கேன் செய்த நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து எழுத்துக்கு நூலகம் தளம்.

ஸ்கேன் பிரதியில் ஒரு தொல்லை உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ எல்லாம் வேறு உருவில் இருக்கும். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் (OCR) அவற்றைத் தப்பாகப் படித்துவிடுவதால், தேடல் பெட்டியில் பல சொற்களுக்கு ‘இல்லை’ என்றே வரும். பேசாமல் பொருளடக்கத்துக்குப் போங்கள். கதை 97ஆம் பக்கம், அதற்கு முன் எண்ணில் சேராத அட்டை, முன்னுரைப் பக்கங்கள் 14 என்றால், பிடிஎஃப்பில் 111 என்று அடித்தால் சரியாகப் போய் நிற்கும்.

கட்டுரைக்கு மேற்கோள் எடுப்பதாக இருந்தால் தட்டச்சுப் பிரதியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பத்தியே விடுபட்டிருக்கலாம். வாசிக்கும்போது தெரியவே தெரியாது.

கே: இவற்றை மின்னூலாக்கிப் பகிரலாமா?

ப: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. புதுமைப்பித்தன் மறைந்தது 1948. கணக்குப்படி 2008 வரை. ஆனால் அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது, அதாவது யாரும் வெளியிடலாம். பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்பும் இதில் சேராது. அவற்றை நீக்கிவிட்டே பகிருங்கள்.

கே: விருதுச் செய்திகள் எல்லோரும் பேசி முடித்த பிறகே எனக்குத் தெரியவருகின்றன!

ப: கேட்ட சொல் செய்தியில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸில் ‘சாகித்திய அகாதெமி’, ‘சாகித்ய அகாடமி’ இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள், நாளிதழ்களில் எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ‘நாளுக்கு ஒருமுறை’ என்று வைத்தால் போதும். ‘உடனுக்குடன்’ வைத்தால் ஒரே செய்தி பத்துத் தடவை வந்து அஞ்சல்பெட்டியை நிரப்பும். விருதுப் பட்டியலை மட்டும் அகாதெமியின் சொந்தத் தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் போன வருடப் பட்டியலும் சுற்றும்.